முளைமாவு போட்டும் கஞ்சி இளகவில்லையா? எங்கே தவறுகிறது

கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து அரைத்த மாவில் கொஞ்சம் சேர்த்தாலே கெட்டிக் கஞ்சி இளகிவிடும், லேசாக இனிக்கவும் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீடுகளில் இந்த முளைமாவு இருக்கும். ஆனால் சில நேரம் அதைப் போட்டும் கஞ்சி களி மாதிரியே நிற்கும். பெரும்பாலும் அடுப்புச் சூடுதான் காரணம்.

தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குவது அதுதான். முளைமாவையும் பச்சை மாவையும் (முளைகட்டாத தானிய மாவு) ஒன்றாகக் கரைத்துக் கொதிக்கவிட்டால், வேலை முடிவதற்குள் நொதி செயலிழந்துவிடும். சூட்டுக்குப் பயந்து பச்சை மாவை வேகவிடாமல் விட்டாலும் பயனில்லை. வேகாத மாவுச்சத்தை நொதியால் எளிதில் வெட்ட முடியாது. அரிசி, சோள மாவெல்லாம் 70 டிகிரியைத் தாண்டினால்தான் நன்றாகக் குழையும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகவே நடத்த வேண்டும்.

90 கிராம் பச்சை மாவை 500 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிண்டிக்கொண்டே பத்து நிமிடம் வேகவிடுங்கள். இறக்கி 75 டிகிரிக்கு ஆறவிடுங்கள். 10 கிராம் முளைமாவை 100 மில்லி பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சூடு 67, 68க்கு வந்து நிற்கும். நன்றாகக் கலக்கி, மூடி, துணி சுற்றி இருபது நிமிடம் வையுங்கள். துடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரத்திலேயே வழிய ஆரம்பிக்கும். பிறகு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுவதை மறக்கவே கூடாது. முளைமாவில் கிருமிகள் அதிகம். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது, விரலை விட்டுப் பார்த்து 75ஐ யாராலும் சொல்ல முடியாது.

கைக்குழந்தைக்குக் காய்ச்சுபவர்கள் கஞ்சி கெட்டியாக இருக்கிறதென்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள். வயிறு நிறையும், சத்து சேராது. முளைமாவின் அருமையே மாவைக் குறைக்காமல் இளக்குவதில்தான் இருக்கிறது.

இன்னொரு வழக்கமான தவறு, வாசம் வரும்வரை முளைதானியத்தை வறுப்பது. மணம் அருமைதான், நொதி போய்விடும். மணத்துக்கு ஒரு பங்கை வறுத்துக்கொண்டு, இளக்குவதற்கு நிழலிலோ இளவெயிலிலோ காய்ந்ததைத் தனி டப்பாவில் வையுங்கள்.

விதைக்கடையில் பையூர் ரகம் (பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் விதை) கிடைக்கிறதே என்று அதை வாங்கி முளைகட்டாதீர்கள். விதைநேர்த்தி மருந்து பூசியிருக்கும். உமி நீக்கிய சாமையும் சரியாக முளைக்காது. சோளத்தைப் பச்சை மாவாக மட்டும் சேர்ப்பதே நல்லது. அதன் முளையில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது.

மார்கழியில் ஓசூர், தளிப் பக்கக் குளிருக்கு முளை மெதுவாகத்தான் வரும். அவசரப்பட்டு மூட்டையை ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாடை அடித்தால் கழுவிப் பார்க்க வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

மோர் ஊற்றுவதாக இருந்தால் கடைசியில், கஞ்சி ஆறிய பிறகு. முன்னாலேயே ஊற்றினால் புளிப்பில் நொதி மந்தமாகிவிடும்.