மூன்று பூட்டுப் பெட்டி: கிராமச் சேமிப்புக் குழுவை நடத்தும் முறை

சேமிப்புக் குழு தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது நாணயமான ஒரு பொருளாளரை. கோளாறு அங்கேயே தொடங்குகிறது. எவ்வளவு நல்லவரானாலும், அவர் வீட்டில் திடீரென மருத்துவச் செலவு வந்தால் கை பொதுப்பணத்துக்குத்தான் நீளும். பணம் எவரிடமும் தனியாகத் தங்காமல் பார்த்துக்கொள்வதே உண்மையான பாதுகாப்பு. 1991-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் கேர் (CARE) என்ற தொண்டு நிறுவனம் பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய குழுமுறையின் அடிப்படையும் இதுதான்.

உறுப்பினர்கள் 15 முதல் 25 பேர். அதற்குக் குறைந்தால் கடன் கொடுக்கப் பணம் சேராது. கூடினால் கூட்டம் இழுத்து, ஆட்கள் பாதியில் எழுந்து போவார்கள்.

பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவரிடம். சாவிக்காரர்கள் நிர்வாகிகளாகவோ ஒரே குடும்பத்தாராகவோ இருக்கக் கூடாது. சேமிப்பைப் பதியும் பாஸ்புக்குகளும் அவற்றில் குத்தும் முத்திரையும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போன பாஸ்புக்கில் முத்திரை தானாக முளைக்கும்.

உறுப்பினர்கள் சேமிப்பது பங்கு வாங்கித்தான். பங்கின் விலையை, கையில் காசு ஓடாத வாரத்திலும் ஆக ஏழையான உறுப்பினர் ஒன்று வாங்கும்படி வையுங்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர் 1 முதல் 5 பங்கு வரை வாங்கலாம். பங்குக்கு ஒரு முத்திரை. பாஸ்புக்கில் அந்தக் கூட்டத்துக்கான மிச்சக் கட்டங்களை அன்றே கோடிட்டு அடித்துவிட வேண்டும். படிக்கத் தெரியாதவரும் முத்திரையை எண்ணிவிடுவார்.

கூட்ட முடிவில் இருவர் எல்லோர் முன்னும் பணத்தை எண்ணி, கையிருப்பை உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்தில், பெட்டியைத் திறக்கும் முன் அந்தத் தொகையை உறுப்பினர்களிடம் கேளுங்கள். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால், அது தீரும்வரை வேறு வேலை வேண்டாம்.

கடன், சொந்தச் சேமிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. திருப்பிக் கட்டும் கெடு மூன்று மாதம். பழைய கடனைப் புதுக் கடனால் அடைப்பதை ஒருமுறை அனுமதித்தால் போதும், எல்லோரும் அதையே கேட்பார்கள். தலைவரின் உறவினரும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஆண்டு முடிவில் சேர்ந்த பணத்தைப் பங்குப்படி பிரித்துவிடுங்கள். பங்கு 100 வீதம் 2,400 பங்கு விற்று, வட்டியோடு 2,88,000 இருந்தால், பங்குக்கு 120. 90 பங்கு வைத்திருப்பவருக்கு 10,800. கடன் பாக்கி இருந்தால் அதிலேயே கழியும். “எதற்குக் கலைக்கணும், வளரட்டுமே” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், உறுப்பினர்களால் எண்ண முடியாத அளவுக்குக் கணக்கு பெருத்தால் பழையபடி ஒருவரையே நம்ப வேண்டிவரும்.

பெட்டி மிகக் கனமாக இருப்பது பிரிப்பதற்கு முந்தைய நாட்களில். திருட்டு பயமும் அப்போதுதான். கடைசிக் கடன்களின் வசூலையும் பட்டுவாடாவையும் ஒரே பகலில் முடியுங்கள். தேதி குழுவுக்கு வெளியே தெரிய வேண்டாம்.