கல்யாண மேளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், சமையல், மேடை ஜோடனை எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் மேளக்காரரைத் தேடுவதுதான் முதல் தவறு. ஆடியும் மார்கழியும் போக மீதி மாதங்களில் நல்ல முகூர்த்த நாள் எல்லா ஊருக்கும் ஒன்றாகவே விழும். பேர் சொல்லும்படி வாசிக்கிறவர்கள் அன்று ஒரு மண்டபத்தில்தான் இருக்க முடியும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த கையோடு மேளத்தையும் பேசிவிடுங்கள்.

'ஒரு செட்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம் இருந்தால் நிறைவு. செலவைக் குறைக்க ஒற்றை நாகஸ்வரம் பேசுவார்கள். அவர் மூச்சு வாங்கும்போது தொடர்ந்து வாசிக்க இன்னொருவர் இல்லாமல் வாசிப்பு விட்டுவிட்டு வரும். மாப்பிள்ளை அழைப்பும் கணக்கில் சேருமா, வண்டிச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கெடுவது உட்காரும் இடத்தில்தான். புரோகிதர் விரலை உயர்த்தி "கெட்டிமேளம்" என்றதும் தவில்காரர் கை ஓட வேண்டும். அவர் தரையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பார். தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரரும் உறவினர்களும் எழுந்து முன்னால் நின்றால் அவருக்குத் தெரிவது முதுகுகள் மட்டுமே. மேளம் பிந்தும்; அட்சதையும் பிந்தும். மேடையின் பக்கவாட்டில், மணவறை நேராகத் தெரியும்படி இடம் கொடுத்து, குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். சுருதிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் வேண்டும்.

'பென் டிரைவில் கெட்டிமேளம் இருக்கிறதே' என்பவர்களும் உண்டு. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டு, நாத்தனார் மற்ற இரண்டையும் முடித்து, அட்சதை ஓயும்வரை மேளம் நீள வேண்டும். பதிவுக்கு அது எப்படித் தெரியும்?

நாகஸ்வரம் கோயில் பிராகாரத்திலும் வீதியிலும் முழங்கும் வாத்தியம். குளிர்சாதன வசதிக்காக மூடிய கூடத்தில் தவிலுக்கு முன்னால் மைக் வைப்பது வீண் வேலை. மந்திரமும் கேட்காது, பேச்சும் கேட்காது. நாகஸ்வரத்துக்கு வேண்டுமானால் ஒன்று, அதுவும் மெல்லிய ஒலியில். ஏசி காற்று நேராக விழும் இடமும் வேண்டாம். தவிலின் தோலுக்கு ஈரமும் வெப்பமும் மாறினால் நாதமும் மாறும்.

சடங்கு நடக்கும்போது சினிமாப் பாட்டுக்குச் சீட்டு அனுப்பாதீர்கள். ஊஞ்சலுக்கு லாலி, தாலிக்குக் கெட்டிமேளம் என்று அவர்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முகூர்த்தம் முடிந்தபின் தாராளமாகக் கேளுங்கள், பலர் அருமையாக வாசிப்பார்கள். மேளம் ஒலிக்கையில் மண்டபத்து ஸ்பீக்கர் ஓடவே கூடாது.

விடியற்காலை முகூர்த்தம் என்றால் வாசிப்பு தொடங்குவதற்கு அரை மணி முன்பே காபி, டிபன் கொடுத்துவிடுங்கள். பாக்கித் தொகையை வெற்றிலை பாக்கோடு அன்றே கொடுத்தனுப்புங்கள்; மறுநாளும் முகூர்த்தமாக இருந்தால் இரவே அவர்கள் வேறு ஊருக்கு வண்டி ஏற வேண்டியிருக்கும்.