கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுவது எப்படி?

சிங்கப்பூரில் தமிழ்க் கவிதை எழுதுவோரும் வாசிப்போரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால், மதிப்புரை எழுத அமர்பவர் முதலில் விலக்க வேண்டியது வெளியீட்டு விழாவின் வாழ்த்துரைத் தொனியை. நூலாசிரியர் நண்பர் என்றால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். நெருங்கிய உறவினர் என்றால் நூலை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

அணிந்துரையையும் பின்னட்டைக் குறிப்பையும் கடைசியில் படியுங்கள். முதல் வாசிப்பில் வரிசையை மாற்ற வேண்டாம். எதில் தொடங்கி எதில் முடிப்பது என்பதும் கவிஞர் எடுத்த முடிவுதான். இரண்டாம் வாசிப்பு வாய்விட்டு இருக்கட்டும்.

புதுக்கவிதையில் வரி முறிவுக்கு வேலை இருக்கிறதா என்று அறிய, கவிதையை உரைநடையாக எழுதிப் பாருங்கள். ‘விடியற்காலை / எம்ஆர்டியில் / எல்லோரும் / உறங்குகிறார்கள்’ என்று (எம்ஆர்டி இங்குள்ள நகர ரயில்) நானே எழுதிய வரிகளைச் சேர்த்தெழுதினால் எதுவும் இழப்பதில்லை. அது நான்காக ஒடிக்கப்பட்ட தகவல் மட்டுமே. தேக்கா (லிட்டில் இந்தியா வட்டாரம்), அடுக்குமாடி, எம்ஆர்டி போன்ற சொற்கள் வந்துவிட்டாலே உள்ளூர்க் கவிதை என்று பாராட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த இடம் இல்லாவிட்டால் கவிதை நிற்குமா என்பதே கேட்கத் தக்க கேள்வி. வெண்பா என்று தலைப்பிட்டிருந்தால் தளை, அதாவது அடுத்தடுத்த சீர்கள் இணையும் விதி, பிறழாமல் இருக்கிறதா, ஈற்றடி முச்சீராய் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளில் ஒன்றில் முடிகிறதா என்று பார்த்த பிறகே, சீரை நிரப்ப வந்த வெற்றுச் சொற்களைத் தேட வேண்டும்.

சில கவிதைகளே அடங்கிய சிறுநூலில் ஒரு பலவீனமான கவிதைகூட நூலையே சாய்த்துவிடும். பெரிய தொகுப்பில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எவற்றை விட்டிருக்கலாம் என்று பெயர் சொல்லி எழுதுவது கவிஞருக்கும் பயன்படும்.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஓரிரு வரிகளை மேற்கோளாகத் தாருங்கள். விமர்சனத்துக்காக, பெயர் குறிப்பிட்டு நியாயமான அளவில் மேற்கோள் காட்டுவதை 2021ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆயினும் நான்கு வரிக் கவிதையை முழுதாக எடுத்தாளும்போது கவிஞரிடம் கேட்டுக்கொள்வது முறை. முந்தைய தொகுப்புகளோடு ஒப்பிட விரும்பினால், இங்கு வெளியாகும் நூல்களின் பிரதிகள் சட்டப்படி தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்கப்படுவதால், விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில் தேடலாம்.

ஒற்றுப்பிழைகளைப் பட்டியலிட்டு இடத்தை வீணாக்காதீர்கள். பொருளை மாற்றுபவற்றை மட்டும் குறிப்பிட்டால் போதும். இறுதியில் பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை ஆகியவற்றுடன் நூல் எங்கே கிடைக்கும் என்பதையும் சேருங்கள். கவிஞரே வெளியிட்ட நூலென்றால் கடைகளில் கிடைக்காமல் போகலாம்.