உதட்டுல திரும்பத் திரும்ப வர்ற கொப்புளம்: நம்ம பண்ற தப்புங்க

உதட்டு ஓரத்துல கொத்தா சின்னச் சின்ன கொப்புளம் போட்டுச்சுன்னா தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பதில் ரெடியா இருக்கும். ஒண்ணு உடம்பு சூடு, இல்லன்னா பல்லி எச்சம், அதுவும் இல்லன்னா 'காய்ச்சல் வெளிய வருது, இனிமே இறங்கிடும்'. மூணுமே இல்லீங்க. இது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ்ங்கற வைரஸ். பெரும்பாலும் சின்ன வயசுல யாரோ கொஞ்சி முத்தம் கொடுத்தப்ப ஒட்டுனது, முகத்துக்கு வர்ற நரம்போட முடிச்சுல போய் உக்காந்துக்கும், அப்புறம் ஆயுசுக்கும் அங்கதான் குடித்தனம். 50 வயசுக்குக் கீழ உள்ளவங்கள்ல உலகம் பூரா கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பேருக்கு இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, அதனால ஹெர்பீஸ்ங்கற பேரைக் கேட்டதும் பாலியல் நோய்னு நெனச்சு வெக்கப்பட்டு மறைக்கவும் வேணாம், வீட்டுக்காரரை சந்தேகப்படவும் வேணாம். காய்ச்சல், வெயில், தூக்கம் கெடுறது, டென்ஷன், பீரியட்ஸ், பல் புடுங்குறது, இதுல ஏதாச்சும் ஒண்ணு போதும் அது முழிச்சுக்க. அதாவது காய்ச்சல்தான் கொப்புளத்தைக் கெளப்புது, கொப்புளம் போட்டதால காய்ச்சல் விடல.

இருக்குறதுலயே பெரிய தப்பு, கொப்புளம் வர்ற வரைக்கும் சும்மா இருக்குறது. வர்றதுக்கு சில மணி நேரம் முந்தியோ ஒரு நாள் முந்தியோ அதே இடத்துல சுருசுருன்னு குத்தும், எரியும், லேசா தடிச்ச மாதிரி இருக்கும். ஒரு தடவை வந்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும், இருந்தாலும் கொசு கடிச்சிருக்கும்னு தேய்ச்சு விட்டுட்டு வேலையப் பாக்கப் போயிடுவோம். வைரஸ் பெருகாம தடுக்குறதுதான் மருந்தோட வேலை, பெருகி முடிச்சு கொப்புளம் உடைஞ்சப்புறம் தடவி என்னத்துக்கு? அசைக்ளோவிர் க்ரீம்னா ஒரு நாளைக்கு அஞ்சு தடவை போடணும், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு போட்டுட்டு 'கேக்கல'ன்னு சொன்னா எப்படி. சரியா போட்டாலும் அரை நாளோ ஒரு நாளோதான் சீக்கிரம் ஆறும், மாயமா மறைஞ்சிடாது. வலாசைக்ளோவிர் மாத்திரை பெரியவங்களுக்கு ஒரே நாள் கோர்ஸ், 2 கிராம் போட்டு 12 மணி நேரம் கழிச்சு இன்னொரு 2 கிராம். கிட்னி பிரச்சனை இருந்தா டோஸ் மாறும், கர்ப்பமா இருந்தாலும் கேக்காம போடக்கூடாது. என்னைக் கேட்டா, நல்லா இருக்கறப்பவே டாக்டரைப் பாத்து சீட்டு எழுதி வாங்கி மாத்திரைய வீட்டுல வச்சுக்குறதுதான் புத்திசாலித்தனம், ஏன்னா இந்த சுருசுருப்பு கரெக்டா ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது மெடிக்கல்ல போய் 'உதட்டுல கொப்புளம், ஏதாச்சும் குடுங்கண்ணே'ன்னு நிக்கிறது. பி காம்ப்ளக்ஸும் ஒரு ட்யூபும் வரும். பி காம்ப்ளக்ஸ் இந்த வைரஸை ஒண்ணும் பண்ணாது. ட்யூப்ல பொடி எழுத்தைப் படிங்க, பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால்னு இருந்தா அது ஸ்டீராய்டு, தனியா அதை மட்டும் தடவுனா அந்த இடத்துல எதிர்ப்பு சக்தி குறைஞ்சு புண்ணு பரவ வாய்ப்பு இருக்கு. வெத்தலைக்கு வச்சிருக்குற சுண்ணாம்பைத் தொட்டு வைக்கிறவங்களும் இருக்காங்க, தோல் வெந்துதான் போகும். சில வீட்டுல அக்கின்னு நெனச்சு காவி வச்சு எழுதக் கூட்டிட்டுப் போவாங்க. அக்கி வேற, அது சின்னம்மை போட்ட வைரஸ் பல வருஷம் கழிச்சு திரும்ப வர்றது. இதுல வேடிக்கை என்னன்னா, உதட்டுக் கொப்புளம் ஒண்ணுமே பண்ணலன்னாலும் 7லேர்ந்து 10 நாள்ல தானா ஆறிடும், அதனால கடைசியா எதைப் பண்ணமோ அதுக்கே பேரு போயிடும்.

ஊசியால குத்தாதீங்க, பொருக்கை உரிக்காதீங்க. கொப்புளத்துக்குள்ள இருக்குற தண்ணியிலதான் வைரஸ் ரொம்ப ஜாஸ்தி. தொட்டா கையை சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் கண்ணைத் தொடணும், கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க இதுல ரொம்ப உஷாரா இருக்கணும். கண்ணு செவந்து வலிச்சு வெளிச்சம் பாத்தா கூசுச்சுன்னா அன்னிக்கே கண் டாக்டர், வீட்டுல கெடக்குற பழைய சொட்டு மருந்தை விட்டுடாதீங்க.

பொருக்கு உதிர்ற வரைக்கும் குழந்தைங்களுக்கு முத்தம் கூடாது. பொறந்து ஒரு மாசம்கூட ஆகாத புள்ளைக்கு இது ஒட்டுனா உசுருக்கே ஆபத்தாகலாம். புள்ளை பாக்க வர்ற சொந்தக்காரங்ககிட்ட 'உதடு ஆறட்டும் அத்தை, அப்புறம் கொஞ்சிக்கலாம்'னு சொல்லிடுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். சொம்புல அண்ணாந்து குடிக்கிற நம்ம பழக்கம் இதுக்கு ரொம்ப நல்லது, பாட்டில்ல வாய் வச்சு மாத்தி மாத்திக் குடிக்கிறதுதான் வம்பு. நாயனம் (நாதஸ்வரம்) வாசிக்கிற வீட்டுல இன்னொண்ணு, வாயில வச்சு ஊதுற சீவாளி இருக்கே, அது பேர் போன திருவாவடுதுறை சீவாளியா இருந்தாலும் சரி எதுவா இருந்தாலும் சரி, வாயில வச்சு ஊறவச்சு வாசிச்சுப் பாத்துட்டு அப்படியே அடுத்தவருக்குக் குடுக்குறது சகஜம். கொப்புளம் இருக்கறப்ப அவங்கவங்க சீவாளி அவங்கவங்களுக்கு.

வெயிலை யாரும் கணக்குலயே எடுத்துக்கறதில்ல. குறுவை நடவுல நாள் பூரா நிக்கிறவங்களுக்கு மேலேர்ந்து அடிக்கிற வெயில் பத்தாதுன்னு வயல் தண்ணியில பட்டும் கொஞ்சம் திரும்பி அடிக்கும். தேங்காண்ணெய், வாசலின் தடவுனா உதடு வெடிக்காது, அவ்வளவுதான், வெயிலைத் தடுக்காது. எஸ்பிஎஃப் 30 (வெயிலைத் தடுக்குற அளவு) போட்ட லிப் பாம் வேணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும், தலைக்குத் துண்டோ தொப்பியோ. புண்ணு மேல தேய்ச்ச லிப் பாமைத் தூக்கிப் போட்டுடுங்க.

வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல வந்தா தினமும் போடுற மாத்திரை இருக்கு, தோல் டாக்டர்கிட்ட கேளுங்க. ரெண்டு மூணு வாரம் ஆகியும் ஆறாத புண்ணு, அதுவும் வெத்தலையோட புகையிலை போடுறவங்களுக்குன்னா, அதைக் கொப்புளம்னு விடவே விடாதீங்க, கேன்சரா இருக்கான்னு பாக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போற நாள்ல கொப்புளம் காஞ்சு போயிருக்கும், அதனால தண்ணி கோத்து நிக்கிறப்பவே செல்லுல ரெண்டு போட்டோ கிட்டக்க எடுத்து வச்சுக்குங்க, டாக்டருக்கு பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.