அழுத்தியும் இருளாத திரை

ஒளி-ஒலி நிறுவல் ஒன்றை டேப்லெட்டிலிருந்து இயக்கி வந்தேன். ஒத்திகையில் ஒழுங்காக இருந்தது, கூட்டம் நிறைந்ததும் தகராறு செய்தது: திரையை இருட்டாக்கும் பொத்தானை அழுத்தினால், டேப்லெட்டில் அது சிவக்குமே தவிர, சுவரில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். மென்பொருளைச் சந்தேகித்து ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினேன். டேப்லெட், படத்தை ஓட்டும் கணினிக்குக் கட்டளைகளை ஓஎஸ்சி என்ற செய்தி வடிவில் அனுப்புகிறது. ஓஎஸ்சி செய்திகள் பெரும்பாலும் யூடிபி என்ற வலையமைப்பு நெறிமுறை வழியே செல்கின்றன. வழியில் தொலைந்ததை அது மறுபடி அனுப்பாது. ஸ்லைடரை நகர்த்தும்போது செய்திகள் தொடர்ந்து போவதால் ஒன்றிரண்டு தொலைந்தாலும் தெரிவதில்லை, பொத்தானோ ஒரே முறைதான் அனுப்புகிறது. பார்வையாளர்களின் கைபேசிகளால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெரிசலாகியிருந்தது. ஆகவே தனி ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் அமைத்து, கணினியைக் கேபிளால் அதனுடன் இணைத்து, நிலையான ஐபி முகவரியும் கொடுத்தேன். பொத்தான் இப்போது அதே மதிப்பை மூன்று முறை அனுப்புகிறது. கணினியிடமிருந்து பதில் வந்த பிறகே சிவக்கிறது.