மூட்டைப்பூச்சி வந்தால் மறைக்காதீர்கள்: ரொறொன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

முதல் வீடு பார்க்கும்போது வாடகை எவ்வளவு, பஸ் எங்கே நிற்கும், தமிழ்க் கடை பக்கத்தில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்போம். மூட்டைப்பூச்சி இருந்ததா என்று கேட்பவர்கள் குறைவு. குளிர்நாட்டில் அதெல்லாம் எங்கே என்ற நினைப்புத்தான் காரணம். ஆனால் ஸ்காபரோவின் பழைய அடுக்குமாடியிலும் அது இருக்கிறது, டவுன்டவுனில் நேற்றுக் கட்டிய காண்டோவிலும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்து வட அமெரிக்காவில் ஏறக்குறைய ஒழித்திருந்தார்கள். 1990களின் கடைசியில் திரும்பி வந்துவிட்டது. இப்போது உள்ளவற்றில் பெரும்பாலானவை கடையில் வாங்கும் ஸ்ப்ரேக்கு அசைவதில்லை.

சுத்தமான வீட்டுக்கு வராது என்பதை நம்பவே வேண்டாம். கரப்பானுக்குச் சாப்பாட்டு மிச்சம் வேண்டும், இதற்கு நம்முடைய இரத்தம் போதும். நாம் விடும் மூச்சையும் உடல் சூட்டையும் வைத்தே படுக்கையைத் தேடி வரும். ஐந்து பத்து நிமிடத்தில் குடித்துவிட்டுப் போய்விடும், கடிப்பது தெரியாது. சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரச் சில நாட்கள் ஆகும். சிலருக்கு ஒன்றுமே வராது. ஒரே கட்டிலில் படுக்கும் கணவனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மனைவிக்கு ஒரு புள்ளிகூட இல்லை என்றால் அதிசயப்பட வேண்டாம். இந்தப் பூச்சி நோய் எதையும் பரப்புவதாகத் தெரியவில்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும், மனதைப் போட்டு அரிக்கும்.

ஒழிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் இருநூறுக்கு மேல் முட்டையிடும். முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், வெள்ளை நிறம், இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான மருந்துகள் அதை ஒன்றும் செய்வதில்லை. பூச்சியோ மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அதனால் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தாலும் காத்திருக்கும். சுவர் ஓட்டை, மின்குழாய் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும்.

சந்தேகம் வந்தால் மெத்தையைச் சுவரிலிருந்து தள்ளி, விளிம்புத் தையலை விரலால் விரித்து, போன் லைட்டை அடித்துப் பாருங்கள். பேனா மை தெறித்தது போன்ற கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஈரத் துணியால் துடைத்தால் செம்பழுப்பாகப் பரவும், அது அதன் கழிவு. வெளிர் நிறத்தில் உரித்துப் போட்ட தோலும் கிடக்கலாம். வளர்ந்த பூச்சி தட்டையாக, நாலைந்து மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். அப்புறம் கட்டில் சட்டத்தின் மூட்டுகள், ஸ்க்ரூ ஓட்டைகள், தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம். கிடைப்பதை டேப்பில் ஒட்டி வையுங்கள், படமும் எடுங்கள்.

அடுத்த வேலை, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்வது. இதைத்தான் நம் ஆட்கள் செய்வதில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருப்போம், அந்த மௌனத்தில்தான் அது பெருகுகிறது. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு, மருந்தடிக்கும் செலவும் பொதுவாக அவருடையதே. மூன்று மாடியும் பத்து வீடும் அதற்கு மேலும் உள்ள வாடகைக் கட்டடம் என்றால் ரொறொன்ரோவின் ரென்ட்சேஃப் விதிகள் பொருந்தும்: பூச்சி என்று சொன்ன 72 மணி நேரத்துக்குள் வந்து பார்க்க வேண்டும். வராவிட்டால் நகராட்சியின் தொலைபேசி எண்ணான 311ஐ அழையுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள், அது உங்களுக்கே வினையாகும். சரிவராவிட்டால் வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் லேண்ட்லோர்ட் அன்ட் டெனன்ட் போர்டில், வீட்டுப் பராமரிப்புக் குறைகளுக்கான டி6 விண்ணப்பம் போடலாம்.

ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரர் குடும்பத்தோடு குசினியையோ குளியலறையையோ பகிரும் ஏற்பாட்டில் அறை எடுத்திருந்தால் அந்த வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. நம்மவர்கள் முதலில் தங்குவது பெரும்பாலும் இப்படித்தான். எனவே பூச்சி வந்தால் யார் பொறுப்பு என்பதைக் காசு கொடுக்கும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள்.

மருந்தடிக்க வரும் முன் துணிமணி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் பையில் கட்டி எடுத்துப்போய் ட்ரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். அந்தச் சூட்டில் பூச்சியும் முட்டையும் சாகும். காய்ந்ததைப் புதுப் பையில் போட்டுக் கட்டுங்கள். ஒரு தடவை அடித்தால் போதாது, முட்டை பொரித்து வரும் குஞ்சுகளுக்காக ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். அதுவரை வேறு அறைக்குப் போய்ப் படுக்காதீர்கள், பூச்சியும் தேடிக்கொண்டு வரும்.

தெருவோரம் வைத்திருக்கும் சோபாவையும் மெத்தையையும் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் எடுக்காதீர்கள். கையில் காசில்லாத நேரத்தில் இது கடினம் என்று தெரியும், ஆனாலும் தரையில் விரித்துப் படுப்பது மேல்.

அடுத்தது உயிர் விஷயம். தானியத்தில் வண்டு சாக வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை ஊரிலிருந்து யாரிடமும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மனிதரையும் கொல்லும். 2015இல் அல்பேர்ட்டாவின் ஃபோர்ட் மக்மறே நகரில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இந்த மருந்தை மூட்டைப்பூச்சிக்காக வீட்டுக்குள் வைத்ததில் ஒரே குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பூச்சிச் சோக்கட்டியும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம்.

மருந்தடித்து முடிந்ததும் மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போடுங்கள். ஒரு வருடத்துக்கு அதைக் கழற்ற வேண்டாம், உள்ளே அகப்பட்டவை பட்டினியில் சாக அவ்வளவு காலம் எடுக்கலாம்.