தூணுக்குப் பின்னால் யாரையும் நிறுத்தாதீர்கள்: அரண்மனைக் கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்பருவ வாசகர்களுக்காக அரண்மனைச் சதி, மாயம், கைகூடாத காதல் மூன்றையும் கலந்து நாவல் எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சந்திப்பிழை, பத்தி பிரிப்பு எல்லாம் மெய்ப்புத் திருத்துபவர் பார்த்துக்கொள்வார். கதையையே சாய்த்துவிடும் தவறுகள் வேறு.

ஒட்டுக்கேட்கும் நாயகி

நள்ளிரவு. இளவரசிக்குத் தூக்கம் வரவில்லை, தாழ்வாரத்தில் உலாவுகிறாள். தூணுக்கு அந்தப் பக்கம் பேச்சுக்குரல். அமைச்சரும் தளபதியும் அரசரைக் கொல்ல நாள் குறிக்கிறார்கள். இவள் கால் சிலம்பு ஒலிக்கிறது. "யாரங்கே?" அத்தியாயம் முடிந்தது.

இந்தக் காட்சி வராத முதல் கைப்பிரதி அபூர்வம். எழுதுகிறவருக்கு இது விறுவிறுப்பாகத் தெரியும். உண்மையில் கதையின் முதுகெலும்பு இங்கேதான் முறிகிறது. சதிக்கதையில் செலாவணி நாணயமே ரகசியம்தான். அதை நாயகி எதையும் இழக்காமல், யாரையும் ஏமாற்றாமல், தூக்கம் வராத ஒரே தகுதியில் பெற்றுவிடுகிறாள். அடுத்து அவளுக்கு இருக்கும் ஒரே வேலை ஓடிப்போய்ச் சொல்வது. அவள் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். அதனால் அவளைச் சொல்லவிடாமல் தடுக்க ஆசிரியர் காய்ச்சல், கடத்தல், மயக்கமருந்து என்று வரிசையாக அனுப்ப வேண்டியிருக்கிறது. இரண்டாவது ரகசியம் தேவைப்படும்போது இன்னொரு தூண் முளைக்கிறது. ஊரையே கவிழ்க்கத் திட்டமிடுகிறவர்கள் ஆள் நடமாடும் தாழ்வாரத்திலா பேசுவார்கள் என்று பதினான்கு வயது வாசகி கேட்பாள், கட்டாயம் கேட்பாள். இருபதாம் அத்தியாயத்தில் இது உறைத்தால் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து திரும்ப எழுத வேண்டும். அதனால்தான் இதற்கு இவ்வளவு இடம்.

அரண்மனை ரகசியங்கள் எங்கே தடம் விடும் என்பதற்கு உடையார்குடிக் கல்வெட்டைப் பாருங்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய நேரடிச் சான்று அது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. காட்டுமன்னார்கோயிலின் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. ஆனால் கொலை நடந்த இரவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. துரோகிகளுடையதும் அவர்கள் உறவினருடையதுமான நிலங்கள் பறிமுதலாகி விற்கப்பட்டதுதான் விவகாரம். ஆயிரம் ஆண்டு கடந்து நமக்குக் கிடைத்த துப்பு ஒரு நிலக்கணக்கு. 'பிரமாதிராசன்' பிராமண அரசு அதிகாரிகளுக்குத் தரப்பட்ட பட்டம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: துரோகிகள் அரசின் உள்ளாட்களே. உங்களுக்கு வேண்டிய கதை அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே ரகசியம் அன்றாட வேலையின் வழியாகக் கசியட்டும். சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியாகச் சொன்ன ஆணையைத் திருமந்திர ஓலை எனப்பட்ட எழுத்தர்கள் எழுதுவார்கள், ஓலைநாயகம் என்ற மேலதிகாரி ஒப்புவார், பிறகு அது வரிக்கணக்கில் ஏறும். ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்த சோழர் ஆவணம் 21 செப்பேடுகள் கொண்டது. அந்த ஊரின் எல்லையைப் பெண் யானையை நடத்திக் குறித்திருக்கிறார்கள். இத்தனை கைகள், இத்தனை கண்கள். ஒவ்வொரு கையும் ஒரு ஓட்டை.

ஒரு மாதிரி: நாயகி ஓலைக்கூடத்தில் மை தடவும் பெண். எழுத்தாணியால் கீறிய ஓலையில் விளக்குக்கரியைத் தேய்த்தால்தான் எழுத்து தெளிவாகத் தெரியும். தேய்க்கிறாள், துடைக்கிறாள். தளபதிக்கு ஓர் ஊர் இறையிலியாக, அதாவது வரியில்லாமல், கொடுக்கப்பட்டிருக்கிறது. அரசர் வாய்மொழிந்ததாக எழுதியிருக்கும் நாளில் அவர் ஜன்னி கண்டு நினைவில்லாமல் கிடந்தார். ஓலை பொய். வெளியே சொன்னால் தனக்குப் படிக்கத் தெரியும் என்பது அம்பலமாகும். அதைவிட, அந்தக் கையெழுத்து அவள் நேசிக்கிறவனுடையது. இப்போது சதியும் காதலும் ஒரே முடிச்சில் விழுந்துவிட்டன. அவளைத் தடுக்க மயக்கமருந்து தேவையில்லை.

எழுத உட்காரும் முன் ஒரு கட்டம் போடுங்கள். மேலே ஆறு பாத்திரங்கள், பக்கவாட்டில் மூன்று ரகசியங்கள், மொத்தம் 18 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எந்த அத்தியாயத்தில் தெரிந்தது, எப்படித் தெரிந்தது, அதற்கு என்ன கொடுத்தார் என்று மூன்று குறிப்புகள். கடைசிக் குறிப்பு காலியாக இருந்தால் அந்தக் காட்சியை மாற்றுங்கள். ஒட்டுக்கேட்பது கூடவே கூடாதா? ஒரு முறை வைக்கலாம். அவள் கேட்க வேண்டும் என்றே யாரோ பேசியிருந்தால்.

ஒரு நிமிடப் பேச்சில் தீரும் பிரிவு

மோதிரத்தை வேறொருத்தி விரலில் பார்த்தாள், கோபித்துப் போனாள், நூறு பக்கம் பிரிவு. "அது யாருக்குக் கொடுத்தாய்?" என்று கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கைகூடாத காதலில் இருவரும் எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசிய பிறகும் சேர முடியாத நிலை வேண்டும். சோதிப்பது எளிது: இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து உண்மை முழுவதையும் பேசவிடுங்கள். தடை கரைந்துவிட்டால் அது தடையே இல்லை.

தாங்கள், நீங்கள், நீ

தமிழில் எழுதுகிறவருக்கு இது கைமேல் கிடைத்த கருவி, பலர் இதை வீணடிக்கிறார்கள். இளவரசனும் ஓலைக்கூடத்துப் பெண்ணும் முதல் சந்திப்பிலேயே 'நீ, வா, போ' என்று பேசிக்கொண்டால் பிறகு நெருக்கத்தைக் காட்ட என்ன மிச்சம்? அவள் 'தாங்கள்' என்றே தொடங்கட்டும். பாதிக் கதையில் பதற்றத்தில் ஒரு 'நீ' வாய்தவறி விழட்டும். இருவருமே அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். பிரிந்தபின் சபையில் எதிரெதிரே நிற்கும்போது அவள் மறுபடி 'தாங்கள்' என்று சொன்னால் கண்ணீர் வருணனை எழுத வேண்டியதில்லை. ஒரே உரையாடலில் இரண்டும் காரணமின்றிக் கலந்திருந்தால் மட்டும் மெய்ப்பில் பிடித்துவிடுங்கள்.

ஓலையைக் கசக்க முடியாது

"கடிதத்தைக் கசக்கி எறிந்தான்" என்பது காகிதக் காலத்து ஆத்திரம். பனையோலை கசங்காது, மடிந்து ஒடியும் அல்லது நாரோடு கிழியும். எழுத்தாணியில் மை சிந்தாது. கரி தேய்க்காத ஓலையை நிலவொளியில் படிக்கவும் இயலாது.

குதிரை

குதிரை ஒன்றும் மோட்டார் எஞ்சின் அல்ல. முழுப் பாய்ச்சலில் சில கிலோமீட்டர்தான் தாங்கும். நாள் பயணத்துக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சையிலிருந்து காஞ்சி 250 கி.மீட்டருக்கு மேல், அதாவது குறைந்தது ஐந்து நாள். வழியில் குதிரை மாற்றினால் குறையும், ஆனால் மாற்றுக்குதிரை கொடுத்தவனுக்கு நீங்கள் போவது தெரிந்துவிடும். அதைக் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர்கள்

ஆதவன், ஆதிரன், ஆதித்யா மூவரும் ஒரே அத்தியாயத்தில் வேண்டாம்.

மந்திரம்

முதல் தடவை பயன்படுத்தும்போதே விலை தெரிய வேண்டும்.

வம்சாவளி முன்னுரை

வெட்டுங்கள்.

மிளகாய்

வாஸ்கோ ட காமா இந்தியாவுக்கு வந்த 1498க்கு முந்தைய சாயலில் அரண்மனை கட்டினால் அதன் சமையற்கட்டில் மிளகுதான் காரம். தக்காளியும் உருளைக்கிழங்கும் அங்கே நுழையக் கூடாது.